சுவருக்குள் ஓர் ஊர்வலம்

அத்தியாயம் பதினொன்று

மாடியில் என் மனைவி பொன்செல்வியின் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அது முனக ஆரம்பித்ததைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். பெட்டிக்குள் ஏதோ பூச்சி நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். என் மகள் சண்முகப்ரியா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்டு டிஸ்க் போகப் போகுதுப்பா. ஓடுத வரைக்கும் ஓடும். ஒருதடவ அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது" என்றாள்.

அன்றிலிருந்து யாரும் அதை அணைக்கவில்லை. ஆளில்லாத அறையில் அது தனியாக விழித்துக்கொண்டிருந்தது.

பொன்செல்வி ஆடித் தபசுக்கு முந்தைய வாரம் இறந்து போனாள். இப்போது மார்கழி. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் பூ மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகளிலிருந்து பிச்சிப்பூ வாசனை பனியோடு சேர்ந்து உள்ளே வரும். வந்து, சற்று நின்று, மாடிப்படி ஏறிப் போகும். அப்படித்தான் எனக்குத் தோன்றும்.

என் மனைவி கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். அவள் தம்பி சுடலைராஜ் கேமராமேன். அவன் ஊர் ஊராகப் போய் எடுத்துக்கொண்டு வருவான், இவள் மாடியில் உட்கார்ந்து கோத்துக் கொடுப்பாள். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மறுவீடு போவது எல்லாம் வீட்டுக்காரர்களுக்குப் போய்விடும். வெட்டிப் போட்டதை எல்லாரும் அழித்துவிடுவார்கள். அவள் அழிக்கமாட்டாள். பந்தியில் சாப்பிடுகிறவர்கள், தூணில் சாய்ந்து தூங்குகிறவர்கள், செருப்பைத் தேடுகிறவர்கள் எல்லாரையும் ஒரு போல்டரில் சேர்த்து வைத்திருந்தாள். அதற்கு 'மிச்சம்' என்று பெயர்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால், காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் தயங்கி நின்று, "அக்கா, எங்க ஐயா யார் வீட்டுக் கல்யாணத்துலயாவது நடமாடுதாரா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பார்கள்.

அவர்களிடம் இருப்பது பெரிதாக்கிய ஒரு போட்டோவாக இருக்கும். நடந்த நடை, சிரித்த சிரிப்பு, மோரை உறிஞ்சிய விதம் எல்லாம் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தில்தான் தங்கியிருக்கும். பொன்செல்வி இரண்டு மூன்று நாள் தேடுவாள். கடைசியில் ஒரு பந்தியின் ஓரத்தில் அவரைப் பிடித்துவிடுவாள்.

கடையநல்லூர் ஷாஹின் பானு அப்படிக் கேட்டு வந்தவர். அவருடைய வாப்பா கைலி வியாபாரி. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் மகனால் அவருடைய அடக்கத்துக்கு வர முடியவில்லை. "தம்பி லீவுல வரும்போது காட்டணும்க்கா" என்று ஷாஹின் பானு கேட்டார். பொன்செல்வி சரி என்று சொன்னாள். சொன்ன மறுவாரம் அவள் படுத்துவிட்டாள்.

தம்பி இப்போது வந்திருக்கிறான். இன்று இரவு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அவனை அழைத்துக்கொண்டு பகலில் வருவதாக ஷாஹின் பானு போன் செய்திருந்தார்.

அவள் கொடுத்த வாக்கு மாடியில் தட்டிக்கொண்டிருந்தது.

*

"அப்பா, நேத்து பேப்பர் பாத்தீங்களா?"

பால் பொங்கும் நேரத்தில் ப்ரியா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் போன். தலைமுடி கூட முடியவில்லை.

"பாத்தேனே."

"என்னத்தப் பாத்தீங்க? இன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்பாம். காலையில ஒம்பது மணிக்குக் கரண்ட் போனா சாயந்தரம்தான் வரும்."

நான் தினசரியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவன். நூலகத்தில் வேலை பார்த்த பழக்கம். மின்தடை அறிவிப்பை மட்டும் எப்படியோ தாண்டியிருக்கிறேன்.

"யுபிஎஸ் தாங்காதா?"

"அம்மா வாங்கினது இன்னும் மாத்தலை. பல்லு வெளக்குத நேரம் தாங்கும். கீழ உள்ள இன்வெர்ட்டரும் அந்தப் பெரிய மிஷின இழுக்காது."

"நீ புதுசா ஒரு டிஸ்க் வாங்கப் போட்டிருந்தியே?"

"அது நாளைக்குத்தான் வருது. கடை தொறந்து வாங்கலாம்னா அதுக்குள்ள கரண்ட் போயிரும்."

மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினாள். முதலில் பென் டிரைவில் போட்டுப் பார்த்தாள். ஒரு பந்தி கூட அதற்குள் அடங்கவில்லை. பிறகு வைபை வழியாகக் கீழே தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பார்த்தாள். திரையில் பச்சைக்கோடு அசையவே இல்லை. நாளை சாயந்தரம் முடியும் என்று அது நிதானமாகச் சொல்லிற்று.

"இது மாட்டு வண்டி. கம்பி வழியாத்தான் அனுப்பணும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து சுடலைராஜ் வந்தான். ஒரு கையில் தூக்குவாளி டீ, மறு கையில் உளுந்தவடைப் பொட்டலம். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. அக்கா போன பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி வருவான். வந்தால் மாடிப்பக்கம் பார்க்கமாட்டான்.

"என்னத்தான், வீடே ஓட்டப் பந்தயம் ஓடுது?"

ப்ரியா சொன்னாள். அவன் வடையைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"அதுக்கு எதுக்கு இந்தப் பாடு? மிஷினத் தூக்கிக் கார்ல வைங்க. ராஜபாளையத்துல எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். செத்த டிஸ்க்கையே பேச வைப்பான்."

"அணைக்காம எப்படி மாமா தூக்குவீங்க? ஓட ஓடவா?"

"அணைச்சாத்தான் என்னட்டி? உள்ள என்ன இருக்கு? நான் தென்னமரத்து மேல கேமராவப் பறக்க விட்டு எடுத்ததையெல்லாம் உங்கம்மா தூக்கிப் போட்டுட்டா. எவனோ பாயாசம் குடிக்கதப் பத்திரமா வச்சிருக்கா."

"பாயாசம் குடிச்சவரைப் பாக்கத்தான மாமா கடையநல்லூர்ல இருந்து வாராங்க. உங்க தென்னமரத்தப் பாக்க ஒருத்தரும் வரலையே."

"வாயப் பாரு. அப்படியே எங்கக்கா" என்றான். சொன்னதும் வடையைக் கீழே வைத்துவிட்டான்.

*

ஹாலில் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி சுவருக்குள்ளேயே ஏறி மாடிக்குப் போகிறது. இன்டர்நெட்டுக்காகக் கேபிள் டிவி ஜெபசிங் இழுத்துக் கொடுத்தது. ப்ரியா அந்தக் கம்பியைத் தன் கம்ப்யூட்டரில் நேராகச் செருகினாள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆளுக்கொரு முகவரி எழுதினாள்.

"ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரிப்பா. கதவு நம்பர் தெரிஞ்சா நேரா போயிரலாம், ஊரச் சுத்த வேண்டாம்."

கீழே உள்ள திரையில் 'மிச்சம்' தெரிந்தது. பொன்செல்வி தட்டச்சு செய்த எழுத்து.

ப்ரியா இழுத்து விட்டாள். பச்சைக்கோடு வைபையை விடக் கொஞ்சம் சுறுசுறுப்பாக நகர்ந்தது. ஆனாலும் போதவில்லை. நடுராத்திரிக்குத்தான் முடியும் போலிருந்தது.

"ஏம்ப்பா வேகம் நூறுலயே நிக்கி? ஆயிரத்துல ஓடணுமே."

பெட்டி மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி அடுப்படிக் கதவோரம் இருந்த ஸ்விட்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னட்டி?" என்றான் சுடலைராஜ்.

"உள்ள எட்டு இழை இருக்கு மாமா. எட்டும் சேர்ந்து இழுத்தா பத்து மடங்கு வேகம். இதுல நாலுதான் இழுக்கு."

"மிச்ச நாலும் எங்க போச்சு?"

நான்தான் சொன்னேன்.

"அதுல ரெண்டு, மேல பல்புக்குப் போகுது."

இதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். பொன்செல்வி வேலை செய்யும்போது காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பாள். கீழே நின்று எவ்வளவு கத்தினாலும் கேட்காது. நான் ஓய்வு பெற்ற பிறகு அடுப்படி என் கைக்கு வந்தது. தோசையைச் சுட்டு வைத்துக்கொண்டு படியேறிப் போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிடுவாள். "என்னவே நீங்க, பேய் மாதிரி வாரீங்க" என்பாள்.

ஜெபசிங் கம்பி இழுக்க வந்த அன்று, "நாலு இழை போதும்க்கா, நாலு சும்மாத்தான் கெடக்கும்" என்று சொல்லியிருக்கிறான். சும்மா கிடப்பது எதுவும் அவளுக்குப் பொறுக்காது. உடனே அவனை நிறுத்தி வைத்து ஒரு வேலை கொடுத்தாள். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே அவள் மேசையில் ஒரு சின்னச் சிவப்புப் பல்பு. சாப்பாடு தயாரானால் நான் அழுத்துவேன். சற்று நேரத்தில் படியில் அவள் கொலுசு கேட்கும்.

அவள் போன பிறகும் நான் அந்த ஸ்விட்சை அழுத்தாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ப்ரியா பார்த்திருக்கிறாள். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"வேண்டாம் அத்தான்" என்றான் சுடலைராஜ். அவன் குரல் மாறியிருந்தது. "அது இருக்கட்டும். ஷாஹின் அக்காட்ட நான் பேசிக்கிடுதேன். பொறவு பாப்போம்."

"பொறவுன்னா எப்ப? அந்தப் பையன் இன்னைக்கு ராத்திரி போயிருதான். அவனுக்கு உள்ளத மட்டும் எடுத்தாலும், கரண்ட் போனா மிச்ச எல்லாரும் போயிருவாங்க."

"அதுக்காக…"

"பல்பு இழைய வெட்டுட்டி" என்றேன் ப்ரியாவிடம்.

அவள் கத்தரியை எடுத்தாள். நான் படிக்கட்டுப் பக்கம் போனேன்.

"கொஞ்சம் பொறு. நான் மேல போயி உக்காந்துகிடுதேன். சாப்பிடக் கூப்பிடுத மாதிரி ஒருதடவ அழுத்து."

*

அத்தனை வருஷம் அழுத்திய நான், அந்தப் பல்பு எரிந்து பார்த்ததே இல்லை. எப்போதும் நான் ஸ்விட்ச் பக்கம். அவள் வெளிச்சத்தின் பக்கம்.

அவள் நாற்காலி எனக்குத் தாழ்வாக இருந்தது. பல்பைத் திரைக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். அது ஜன்னலோரம் இருந்தது. இருமல் மருந்துப் பாட்டிலின் அளவு மூடியை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அழுத்துட்டி" என்று குரல் கொடுத்தேன்.

எரிந்தது. சிவப்பாக எரியவில்லை. அந்த மூடிக்குள் புகுந்து, ஜன்னல் கண்ணாடியில் பட்டு, வெளியே இருந்த பனியில் கலந்து, மாதுளை முத்தின் நிறத்தில் ஒரு வெளிச்சம் அந்தரத்தில் நின்றது. வீட்டுக்கு வெளியே யாரோ விளக்கோடு வந்து நிற்பதுபோல இருந்தது.

இதைப் பார்த்துத்தான் அவள் ஹெட்போனைக் கழற்றியிருக்கிறாள்.

"நான் எப்படி அழுத்துவேனோ அப்படி அழுத்து."

ப்ரியாவுக்குத் தெரியும். தோசை ஆறுகிறதே என்ற அவசரத்தில் நான் ஒருதடவை அழுத்தி நிறுத்தமாட்டேன். வெளிச்சம் படபடவென்று துடித்தது. கோழிக்குஞ்சு இறக்கை அடிப்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கோபம் அவளுக்கு இவ்வளவு அழகாகவா போய்ச் சேர்ந்திருக்கிறது!

"அத்தான்" என்று சுடலைராஜ் கூப்பிட்டான். அவன் அறைக்குள் வந்திருந்தான். அக்கா போன பிறகு முதல்தடவை. சுவரைப் பார்த்தபடி நின்றான். "போதும் அத்தான். மணியாகுது."

ப்ரியா மேலே வந்து மேசைக்கடியில் புகுந்தாள். பல்பிலிருந்து காப்பிப்பொடி நிற இழைகள் இரண்டையும் பிரித்தெடுத்தாள். பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அப்பா, இங்கன ஒரு ஸ்விட்ச் இருக்கே."

"எங்கன?"

"மேசைக்கு அடியில. அம்மா கை வைக்கிற எடத்துல. நீல இழை ரெண்டும் இதுக்குத்தான் வந்திருக்கு."

நீல இழைகள் சும்மா கிடக்கின்றன என்றுதான் நான் நினைத்திருந்தேன். கீழே பெட்டிக்குள் அவற்றின் மறுமுனை கறுப்பு டேப் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருப்பதை ப்ரியா பார்த்திருக்கிறாள். மேலே ஸ்விட்ச். கீழே ஒன்றும் இல்லை.

"இது எதுக்கு?"

"எனக்குத் தெரியாதுட்டி."

யோசிக்க நேரமில்லை. அதையும் பிரித்தாள்.

பொன்செல்வியின் இழுப்பறையில் கம்பியைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் பிளேயரும் புது பிளக்குகளும் இருந்தன. எட்டு இழைகளையும் ப்ரியா விரலால் நீவி வரிசைப்படுத்தினாள். வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடுக்கினாள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் காப்பி, காப்பி.

"ஜவுளிக்கடையில ஜாக்கெட் துணி எடுக்குத மாதிரில்லா இருக்கு" என்றான் சுடலைராஜ், டார்ச்சைப் பிடித்தபடி.

"கையை ஆட்டாதீங்க மாமா."

"கல்யாணத்துல நாலு மணி நேரம் கேமராவத் தோள்ல வச்சு ஆடாம நிப்பேன். எங்கிட்டயா சொல்லுத?"

ப்ரியா அவன் மணிக்கட்டைப் பிடித்து டார்ச்சை நேராக்கினாள்.

மேல்முனை முடிந்தது. கீழ்முனையும் முடிந்தது. செருகினாள். மறுபடியும் நூறு. ஒரு இழை சரியாக உட்காரவில்லை. பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி நீவினாள், மறுபடி சொன்னாள், மறுபடி அழுத்தினாள். உதட்டைக் கடித்திருந்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான் கடிப்பாள்.

செருகினாள்.

"ஆயிரம்" என்றாள்.

*

பச்சைக்கோடு கிளம்பிவிட்டது. கோப்புகளின் பெயர்கள் கண் எட்டாத வேகத்தில் போயின. எப்போதாவது ஒன்று கண்ணில் மாட்டும். கரிவலம் தறிக்காரர் வீடு. இளையரசனேந்தல் பெரியவர் பேத்தி. தங்கப்பழம் கல்யாணம், மழை. பிரின்ஸ் விஜிதா சர்ச் பந்தி.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் ரவையை வறுத்தேன். கம்பி போகும் சுவர் அடுப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. கை தானாகப் போய் அதைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

இந்தச் சுவருக்குள்தான் இப்போது ஊர் இறங்கி வருகிறது என்று நினைத்தேன். மழையில் நனைந்த பந்தல், நாயனக்காரர்கள், சாம்பார் வாளியோடு ஓடுகிறவர்கள், இலையை மூடிவிட்டுப் பக்கத்து இலைக்காரருக்காகக் காத்திருக்கிறவர்கள். பாதிப்பேர் இப்போது இல்லை. தங்களை யாரோ ஒரு வீட்டு மாடியிலிருந்து கீழே அழைத்துப் போகிறார்கள் என்பது தெரியாமல், பேசிச் சிரித்துக்கொண்டு, செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் வரிசையாக இறங்குகிறார்கள். ஒருவரும் இடித்துக்கொள்ளவில்லை. ஒருவரும் அவசரப்படவில்லை. அவர்களுக்கு முன்னால் கைகாட்டிக்கொண்டு அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஒரு கல்யாணத்திலும் இல்லை. எல்லாக் கல்யாணத்தையும் மாடியிலிருந்து பார்த்தவள் அவள்.

ரவை கருகும் வாசனை வந்தது.

"அப்பா! அடுப்பு!" என்று ப்ரியா கத்தினாள்.

உப்புமாவைக் கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை. சுடலைராஜ் மாடியில் கம்ப்யூட்டருக்குக் காவல் நின்றான். ப்ரியா கீழே. "எவ்வளவு?" என்று அவன் மேலிருந்து கேட்பான். "முக்கால்" என்பாள் இவள். "மேல சத்தம் ஜாஸ்தியாகுதுட்டி" என்பான். "தட்டிக் கொடுங்க மாமா" என்பாள்.

பிறகு தெருவே சட்டென்று நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததிலிருந்து பொழுது அடைவது வரை அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறோம், அதனால் அதைக் கேட்பதில்லை. நின்றால்தான் கேட்கும். அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்க, அந்த அமைதி ஒரு பெரிய போர்வைபோல ஊர்மேல் விழுந்தது. கரண்ட் போய்விட்டது.

கீழே இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது. மேலே யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"ப்ரியா! இது கத்துது!"

"இன்னும் கொஞ்சம்தான் மாமா! மானிட்டர அணைங்க! திரைய மட்டும்! பெட்டியத் தொடாதீங்க!"

"அணைச்சுட்டேன்!"

நான் மாடிப்படியின் நடுவில் நின்றேன். மேலே கீச்சுச் சத்தம், கீழே என் மகளின் மூச்சு. சுவருக்குள் கடைசிப் பந்தி இறங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது" என்றாள் ப்ரியா.

நம்பிக்கையில்லாமல் ஒவ்வொரு போல்டராகத் திறந்து பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும் முன் மேலே கீச்சுச் சத்தம் நீண்டு, தேய்ந்து, நின்றது. கூடவே அந்தத் தட்டல் சத்தமும் நின்றது.

சுடலைராஜ் இறங்கி வந்தான். ஆறிப்போன உப்புமாவை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

"கருகியிருக்கு மாப்ள."

"இருக்கட்டும் அத்தான்."

*

ஷாஹின் பானு தம்பியோடு வந்தபோது நான் ப்ரியாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பொன்செல்வியின் ஹெட்போன் என் காதில் இருந்தது. கரிவலம் கல்யாணத்தின் மிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கே நிறுத்துவது, எப்படிப் பின்னால் போவது என்று ப்ரியா சொல்லித் தந்திருந்தாள். காலையில் பந்தி, மதியம் பந்தி, நடுவில் மழை. ஒவ்வொரு முகமாகப் பார்க்கவேண்டும். முகம் மட்டும் போதாது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. சிலர் முதுகைக் காட்டுவார்கள், அந்த முதுகும் யாருக்கோ வேண்டியது.

"ராமசுப்பு அண்ணாச்சி, ரொம்பச் சிரமப்படுத்திட்டோம்" என்றார் ஷாஹின் பானு.

அந்தத் தம்பி நெடுநெடுவென்று இருந்தான். ஊருக்குப் போகிற சட்டையைக் காலையிலேயே போட்டிருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

ஹெட்போனைக் கழற்றி, சத்தத்தை வெளியே விட்டேன். பந்தி இரைச்சல் ஹாலை நிறைத்தது. அதில் சுடலைராஜின் பழைய குரல், கேமராவுக்குப் பின்னாலிருந்து: "பெரியவரே, இங்கன பாருங்க! சும்மா சாப்பிடுங்க, என்னயப் பாக்காதீங்க! ஏலே, மறைக்காதலே!"

சுடலைராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "பாருங்கன்னு சொல்லுதேன், பாக்காதீங்கன்னும் சொல்லுதேன்."

"அதுக்குத்தான் அம்மா உங்க குரல எல்லா வீடியோலயும் வெட்டினா" என்றாள் ப்ரியா.

அப்போது திரையில், பந்தி வரிசைக்குப் பின்னால் ஒரு மனிதர் வந்தார். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய கைலி. விருந்தாளியாக வந்தவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக டம்ளர்களில் ஊற்றினார். யாரோ தடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வலது கையை உயரத் தூக்கி, போங்க போங்க என்று வீசினார்.

"வாப்பா" என்றார் ஷாஹின் பானு.

தம்பி திரைக்கு மிக அருகில் போய் நின்றான். "கைய தூக்குதாங்க" என்றான்.

"ஆமா" என்றார் ஷாஹின் பானு. எங்களிடம் திரும்பி, "கடைசி ரெண்டு வருசம் அந்தக் கை விளங்கலை அண்ணாச்சி. இவன் போன்ல பாத்ததெல்லாம் அந்தக் கையத்தான்" என்றார்.

"இன்னொருதடவ போடுங்க" என்றான் அவன்.

போட்டேன். பிறகு எத்தனைதடவை போட்டேன் என்று தெரியாது. ஒவ்வொருதடவையும் அவர் குடத்தோடு வந்தார், ஊற்றினார், கையைத் தூக்கினார். போனிலும் ஏற்றிக் கொடுத்தோம். வாசலில் செருப்பை மாட்டும்போது அந்தப் பையன் மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த அக்காவுக்கு நான் துஆ செய்யுதேன்" என்றான்.

அவர்கள் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பந்தியைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். அந்த இரைச்சலுக்குள் ஒரு குளம்போல அமைதி இருந்தது. உள்ளே போனால் கரை தெரியவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"எவ்வளவு நேரமா சாப்பிடக் கூப்பிடுதேன்" என்றாள் ப்ரியா.

"பேய் மாதிரி வாரியே" என்றேன்.

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

*

சாயந்தரம் தறிகள் மறுபடி தொடங்கின. மாடிக் கம்ப்யூட்டரை ப்ரியா அழுத்திப் பார்த்தாள். அது எழுந்திருக்கவில்லை.

அவள் படியில் உட்கார்ந்து ஜெபசிங்குக்குப் போன் செய்தாள். நீல இழை அவளை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கேட்பதற்காகச் சத்தமாக வைத்தாள்.

"அதுவா?" என்றான் ஜெபசிங். பின்னால் ஏதோ வீட்டு நாய் குரைத்தது. "அது போன ஆனியில பாதியில நின்ன வேலைம்மா. 'எங்க வீட்டுக்காரரு பல்ப அழுத்திட்டு, பாத்தேனா இல்லையான்னு தெரியாமக் கீழ தவிக்காரு. பாத்துட்டேன், வாரேன்னு சொல்லுததுக்கு அவருக்கும் ஒரு பல்பு வேணும்'னு அக்கா சொன்னாங்க. மேல ஸ்விட்ச் வச்சாச்சு. கீழ போடச் சிவப்புப் பல்புதான் கொண்டுட்டு வந்தேன். அந்தக் கலரு வேண்டாம்னுட்டாங்க. வேற கலரு சொன்னாங்க. தென்காசியில சொல்லி வச்சு வாங்கி வாரதுக்குள்ள…"

நிறுத்தினான்.

"அப்புறம் எனக்குக் கொண்டு வந்து கொடுக்க மனசு வரலை. அண்ணாச்சிகிட்ட எப்படிச் சொல்ல? எங்கிட்டதான் கெடக்கு."

நான் போனை வாங்கினேன். "என்ன கலருலே?"

"நேர்ல கொண்டாறேன் அண்ணாச்சி. போன்ல சொன்னா நல்லாருக்காது."

"கொண்டுட்டு வந்து என்ன செய்ய? எட்டு இழையும் வேலைக்குப் போயாச்சு."

ப்ரியா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை.

"எந்த வேலைக்குப்பா? மேல மிஷின் இல்ல. அனுப்ப வேண்டியதையெல்லாம் அனுப்பியாச்சு. இனிமே எட்டும் சும்மாத்தான் கெடக்கு. அம்மாவுக்குத்தான் சும்மா கெடந்தா புடிக்காதே."

சுடலைராஜ் வாசல்படியில் நின்று அவளையே பார்த்தான்.

"கீழ பல்பு சரி. மேல இருந்து பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்லா? யாரு உக்காரப் போறா? நீ தை பொறந்தா பெங்களூர் ஆபீசுக்குப் போகணும்னு சொன்ன?"

ப்ரியா படியிலிருந்து எழுந்து சுவர்ப் பெட்டியிடம் போனாள். காலையில் அவ்வளவு பாடுபட்டு மாட்டிய பிளக்கைக் கத்தரியால் மெதுவாக வெட்டினாள். எட்டு இழைகளும் பூப்போல விரிந்தன. நீல இழைகள் இரண்டை மட்டும் தனியே பிரித்து, விரலில் சுற்றிக்கொண்டு, அம்மாவின் நாற்காலி இருந்த மாடிப் பக்கம் பார்த்தாள்.

தெருமுனையில் ஜெபசிங்கின் பைக் திரும்பும் சத்தம் கேட்டது.